கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று வந்தாலும் குழந்தையின் உயரத்தைச் சேர்த்துப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, உயரம் 115 செ.மீ. போன மாதம் காய்ச்சலோடு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகம் சிறியதாக இருக்கிறது என்றார்கள். கிரியேட்டினின் 0.8. ‘0.6 – 1.2 நார்மல்’ என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. இதற்கு மேல் டெஸ்ட் தேவையா?

பதில்: தேவைதான். அந்த 0.6 – 1.2 பெரியவர்களுக்கான அளவு. கிரியேட்டினின் தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு; சிறுநீரகம் அதை வடிகட்டும். தசை குறைவான 7 வயதுப் பையனுக்கு அது பெரும்பாலும் 0.3 – 0.6க்குள் இருக்கும். அதனால் குழந்தைகளுக்கு உயரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினினால் வகுப்பது ஸ்வார்ட்ஸ் சூத்திரம். உங்கள் மகனுக்கு 115 × 0.413 = 47.5, அதை 0.8ஆல் வகுத்தால் சுமார் 59. இதுதான் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம் (ஜி.எஃப்.ஆர்.). இது 90க்கு மேல் இருக்க வேண்டும். 60க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய்.

இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுகட்டிவிடாதீர்கள். காய்ச்சலில் உடம்பில் நீர் வற்றினாலே கிரியேட்டினின் ஏறும். பல லேப்களில் கிரியேட்டினினை அளப்பது இன்னும் ‘ஜாஃபே’ என்ற பழைய முறையில்தான். அது ரத்தத்திலுள்ள குளுக்கோஸ், புரதம் போன்றவற்றையும் கிரியேட்டினினாகக் கணக்கில் சேர்த்துவிடும். பெரியவர்களுக்கு 0.2 கூடினால் பெரிதாகத் தெரியாது. உங்கள் மகனுக்கோ உண்மையான அளவு 0.6 என்றால் ஜி.எஃப்.ஆர். 79! அதனால் ‘என்சைமாட்டிக்’ முறையில் செய்யும் லேபாகக் கேட்டு, இன்ஃபெக்‌ஷன் முழுதும் குணமான பின் மறுபடி எடுங்கள். முந்தின இரவு கறி, மீன் வேண்டாம். தண்ணீர் வழக்கம்போல் குடிக்கட்டும்.

அதே ரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டும் இன்னொரு பொருளான சிஸ்டாட்டின் சி என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தசையை அவ்வளவாகச் சாராதது என்பதால், ஒல்லியான குழந்தைகளுக்கு மிகவும் உதவும். ஸ்டீராய்டு எடுத்தாலோ தைராய்டு கோளாறு இருந்தாலோ இதுவும் மாறும்; முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்ப்பது அவசியம். படுக்கும் முன் சிறுநீர் கழிக்கவைத்து, காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைக் கொடுங்கள். பகலில் ஓடியாடிய பிறகு எடுத்தால், நல்ல சிறுநீரகம் உள்ள குழந்தைக்கும் புரதம் தெரியலாம். விகிதம் 0.2க்குள் இருந்தால் சரி. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் குச்சி டெஸ்டில் ‘நில்’ (இல்லை) என்று வந்ததை மட்டும் நம்ப வேண்டாம். பிறவியிலேயே சரியாக வளராத சிறுநீரகம் சிறுநீரைச் செறிவாக்காமல் நீர்த்தே வெளியேற்றும். நீர்த்த சிறுநீரில் குச்சிக்குப் புரதம் அகப்படாது. பையன் நிறையத் தண்ணீர் கேட்கிறானா, இரவில் படுக்கையை நனைக்கிறானா என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின், பைகார்பனேட், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றையும் கூடவே பார்த்துவிடலாம். ஜி.எஃப்.ஆர். மறுபடியும் 60க்குக் கீழே வந்தால் பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்), வைட்டமின் டி அளவுகளையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தைக் குழந்தையின் கைக்கேற்ற பட்டையால் அளக்க வேண்டும்.

எண்கள் நன்றாக வந்தாலும், ஸ்கேனில் குறை இருப்பதால் குழந்தைகள் சிறுநீரக மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். 3 மாதம் கழித்து இதே டெஸ்ட்களை, முடிந்தால் அதே லேபில், திரும்ப எடுங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரொஃபென், மெஃபெனமிக் ஆசிட் மருந்துகள் வேண்டாம். முகம் வீங்கினால், சிறுநீர் குறைந்தால், விடாமல் வாந்தி எடுத்தால், அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.