பதினான்காவது வரி யாருடையது?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 41. வேலைக்குப் போகிறேன். கணவர், பத்து வயது மகன் என்று சின்னக் குடும்பம். சில வருடங்களாக ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆண்டு நடந்த நல்லதையெல்லாம் வரிசையாக எழுதிவைப்பது என் பழக்கம். பெரிய விஷயம், சின்ன விஷயம் என்று பார்க்க மாட்டேன். இந்த வருடம் 27 வரி வந்தது. பதவி உயர்வு, 21 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்தது, கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியது, ஜூன் மாதம் கல்லூரித் தோழிகளோடு போன மலைப் பயணம், மகன் நீச்சல் கற்றது, பால்கனி ரோஜா பூத்தது, 18 புத்தகம் படித்தது... 14-வது வரி, மே மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த என் அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்தது. (அம்மா தங்கையோடு இருக்கிறார். அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் நல்லவேளையாக எனக்கு அலைச்சல் இல்லை. ஆபரேஷன் சமயம் நான்கு நாள் போய் இருந்துவிட்டு வந்தேன்.)

ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. வேறு யாருடைய வருடத்தையோ படிப்பதுபோல் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி உடனே போன் செய்தான். தங்கை மட்டும் ‘பார்த்தேன்க்கா’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அது வேறு சின்ன வருத்தம். இவ்வளவு இருந்தும் ஏன் சந்தோஷம் தெரியவில்லை? வயது காரணமா, நான் எழுதும் முறை தவறா? அடுத்த வருடம் எதை மாற்றினால் சரியாகும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்பு மகளுக்கு,

டிசம்பர் பிறந்தால் இந்தக் கடிதம் எனக்கு வந்துவிடும். எழுதுகிறவரும் வரிகளின் எண்ணிக்கையும்தான் மாறுவது. ‘எல்லாம் இருக்கிறது, ஆனாலும்’ என்று ஆரம்பித்து, ‘உனக்கு என்னம்மா குறை’ என்று நான் சொல்வேன் என்கிற எதிர்பார்ப்போடு முடியும். அதைச் சொல்ல உன் குடும்பக் குழுவே இருக்கிறது. கைதட்டியும் விட்டார்கள். அப்புறம் நான் எதற்கு?

வயது காரணமில்லை. எழுதும் முறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் தயங்காமல் டாக்டரைப் பார். உன் கடிதத்தில் எனக்கு அப்படி எதுவும் படவில்லை. பட்டது அந்த அடைப்புக்குறி.

‘நல்லவேளையாக எனக்கு அலைச்சல் இல்லை.’

27 வரி எழுதிய கை, இந்த வருடத்தில் உன் குடும்பத்தில் நடந்த மிகப் பெரிய காரியத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டது. ‘பதவி உயர்வு’ என்று உன் பெயரில் எழுதினாய். நியாயம், நீ உழைத்தாய். ரோஜாவுக்கு நீ தண்ணீர் ஊற்றினாய், எழுதிக்கொள். ‘அம்மா மறுபடி நடந்தது’ என்ற வரியை எந்தக் கணக்கில் உன் பட்டியலில் சேர்த்தாய்? நான்கு நாள் கணக்கிலா?

மகளாக நீ சந்தோஷப்படுவதை நான் குறை சொல்லவில்லை. அந்த நடை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாளிலேயே எழுப்பி நிற்க வைத்துவிடுவார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும் என்ற பயம். நீ இருந்த நான்கு நாளில் அதைப் பார்த்திருப்பாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்கிறார், ஃபிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், கூப்பிட மணி இருக்கிறது. கஷ்டம் ஆரம்பிப்பது வீட்டுக்கு வந்த பிறகு.

இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்குப் பாத்ரூம் போக வேண்டும். தனியாக எழுந்தால் மறுபடி விழுவார். அதனால் பக்கத்தில் படுத்திருப்பவள் அரைத் தூக்கத்தில்தான் தூங்குவாள். சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் இரண்டு, வாரத்துக்கு ஒன்று என்று டப்பாவில் பிரித்து வைக்க வேண்டும். உடற்பயிற்சி செய்யச் சொன்னால் ‘வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம்’ என்பார் அம்மா. கெஞ்ச வேண்டும், சில நாள் அதட்ட வேண்டும். அதட்டிய குற்ற உணர்ச்சியோடு பத்து மணி மீட்டிங்கில் போய் உட்கார வேண்டும். குளிப்பாட்டும்போது அம்மா கூச்சத்தில் அழுதால் அதைப் பார்க்காததுபோல் பேச்சை மாற்ற வேண்டும். தரைவிரிப்பைச் சுருட்ட வேண்டும், கைப்பிடி பொருத்த ஆள் தேட வேண்டும், இன்ஷூரன்ஸ்காரரிடம் ஒரே ரசீதை நாலு தடவை அனுப்ப வேண்டும். நன்றாகக் கவனித்தாலும் பழைய நடை முழுதாகத் திரும்பாதவர்கள் ஏராளம். உன் அம்மா நடக்கிறார் என்றால் ஒருத்தி மாதக்கணக்கில் விடாமல் நடத்தியிருக்கிறாள்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளுக்கும் வேலை வேலைதான். அவளுக்கும் ஒரு மேலதிகாரி இருப்பார், முடிக்க வேண்டிய தேதி இருக்கும். உனக்குப் பதவி உயர்வு வந்த வருடம் அவளுக்கு என்ன வந்தது? கேட்டாயா? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதுகூட இல்லை. பால்கனிச் செடியின் பெயர் எனக்குத் தெரிந்துவிட்டது.

தேதிகளையும் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார். அம்மா விழுந்தது மே. தோழிகளோடு மலை ஏறியது ஜூன். போகக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. முன்பே போட்ட டிக்கெட்டாக இருக்கலாம், மூச்சு விட உனக்கும் இடம் வேண்டும். போய் வந்த பிறகு, ‘அடுத்த வாரம் நான் வருகிறேன், நீ எங்கேயாவது போய்விட்டு வா’ என்று தங்கையிடம் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. சொல்லியிருந்தால் அதையும் எனக்கு எழுதியிருப்பாய். ரோஜாவையே எழுதியவள் நீ.

இது உன் ஒருத்தியின் குணக்கேடு என்று நினைக்காதே. 1979-இல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் கணவன் மனைவியரைத் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலைகளில் ‘உங்கள் பங்கு எவ்வளவு’ என்று கேட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் மொத்த வேலையையே தாண்டிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை, அவ்வளவுதான். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கே இந்தக் கதி. நீ வேறு ஊரில் இருக்கிறாய். தங்கையின் இரவு இரண்டு மணி உன் ஞாபகத்துக்கு வர வழியே இல்லை, நீயாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால் ஒழிய.

‘பார்த்தேன்க்கா’ என்ற அவள் பதிலில் உனக்கு வருத்தம் என்கிறாய். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அதைவிட நீளமாகவே எழுதியிருப்பேன். அதன் பிறகு நீ என்னோடு ஆறு மாதம் பேசியிருக்க மாட்டாய். அவள் நாகரிகமானவள். தன்னுடைய ஒரு வருடம் அக்காவின் பட்டியலில் ஒற்றை வரியாக, தன் பெயர்கூட இல்லாமல் போவதைப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று மட்டும் சொன்னாள். உனக்கும் உள்ளுக்குள் அது உறைத்திருக்கிறது. வேறு யாருடைய வருடத்தையோ படிப்பதுபோல் இருந்தது என்று எழுதினாயே, பாதி உண்மை அதுதான். அந்தப் பயணம், அந்த ஓட்டப் பயிற்சி, அந்தப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? உன் பங்குக்கு விழ வேண்டிய நாட்களையும் சேர்த்து அவள் செலவழித்தாள். நீ அவற்றில் வாழ்ந்தாய்.

இப்போது எழுதும் முறைக்கு வருகிறேன். நல்லதை எழுதிப் பார்த்தால் மனசு தெளியும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. 2003-இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு நன்றியோடு நினைக்கத் தோன்றியதை எழுதியது, இன்னொன்று எரிச்சல்களை, மற்றொன்று பொதுவாக நடந்ததை. தங்கள் வாழ்க்கை நன்றாகப் போகிறது என்று அதிகம் சொன்னவர்கள் முதல் குழு. அவர்கள் எழுதியது நன்றி. நீ எழுதியது சாதனைப் பட்டியல். வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவும். 27 வரியில் எத்தனை வரிக்குப் பக்கத்தில் இன்னொருவர் பெயர் இருக்கிறது என்று எண்ணிப் பார். மகன் நீச்சல் கற்றானாம். கூட்டிக்கொண்டு போனது யார், உன் கணவரா?

பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதற்கு இடம் கொடுத்தவர் பெயரை எழுது. அழகான வாக்கியம் வேண்டாம், பெயர் போதும். 14-வது வரிக்கு வரும்போது நிறுத்திக்கொள். அதை நீ எழுத முடியாது. உனக்குத் தெரியாது. அம்மா எந்தத் தேதியில் வாக்கரைப் பிடித்துத் தானாக வாசல்வரை வந்தார்? வாக்கரை விட்ட அன்று கூட யார் நின்றார்கள்? அம்மா என்ன சொன்னார்? பிள்ளை முதல் அடி வைத்த நாளை வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். பெற்றவள் மறுபடி முதல் அடி வைத்த நாளைப் பார்த்த ஒரே ஆள் உன் தங்கை, அவளிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. போன் செய்து கேள். குழுவில் கேட்காதே, தனியாகக் கேள். அவள் பேசும்போது நடுவில் ‘ஆமாம், எனக்கும் இங்கே...’ என்று ஆரம்பிக்காதே. பட்டியலைப் பற்றி மன்னிப்பு, விளக்கம் எதுவும் அப்போது வேண்டாம். உன் மன்னிப்புக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழும்.

உடனே ஒரு நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொடுக்கலாமா என்று உனக்குத் தோன்றும். கொடு, நல்லதுதான். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவர் குழுவினரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் மகிழ்ச்சிதான் உடனடியாக மிக அதிகம் உயர்ந்தது. ஆனால் அது நின்றது ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு மாதம் கழித்தும் உன் அம்மாவுக்கு இரவில் துணை வேண்டும், மகளே. அதனால் கடிதத்தோடு உன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போ.

பெற்றவளைப் பார்த்துக்கொள்வதில் என் கணக்கு பழைய கணக்குதான். எத்தனை பிள்ளையோ அத்தனை பங்கு. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அதிகம், தூரத்தில் இருப்பவருக்குக் குறைவு என்ற வழக்கத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை. அது யாரோ உட்கார்ந்து முடிவு செய்ததல்ல. மறுக்கத் தெரியாதவர் தலையில் தானாக வந்து விழுந்தது. எட்டி நிற்பவர்கள் அதற்கு ‘நல்லவேளை’ என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னால் பழமைவாதி என்று எனக்குத் திட்டி எழுதுகிறார்கள். எழுதட்டும்.

உன் முழுப் பங்குக்கு இது போதாது, ஆனாலும் தொடக்கமாக வருடத்துக்கு ஆறு வாரம் அம்மா உன் பொறுப்பு என்று வைத்துக்கொள். இரண்டு இரண்டு வாரமாகப் பிரி. அம்மாவை இந்த நிலையில் அங்குமிங்கும் அலைக்கழிக்க வேண்டாம், நீ அங்கே போ. போகிற தேதியை நீ முடிவு செய்யாதே, தங்கையைக் கேட்டு வாங்கு. நீ போன மறுநாள் அவள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். தோழி வீடோ, தனியாக எங்கேயோ, அவள் இஷ்டம். அவள் அங்கேயே இருந்து உனக்கு எது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தால் நீ விருந்தாளிதான். மாத்திரை டப்பாவை முதல் நாளே உன் கைக்கு மாற்றிக்கொள். பதவி உயர்வு கொடுத்த அலுவலகம் இரண்டு வார விடுப்பும் கொடுக்கும். மகனை அவன் அப்பா பார்த்துக்கொள்வார். பத்து வயதுப் பையன் இரண்டு வாரத்தில் ஒன்றும் கெட்டுப்போக மாட்டான். பள்ளி விடுமுறை என்றால் கூட்டிக்கொண்டே போ. பாட்டியைக் கைபிடித்து நடத்த அவனும் கற்கட்டும்.

தங்கை முதலில் ‘வேண்டாம்க்கா, நான் பார்த்துக்கிறேன்’ என்பாள். இத்தனை நாள் அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தாய். இந்த முறை டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் பேசு.

பட்டியலைப் பார்த்ததும் போன் செய்த தம்பியை மறந்துவிடவில்லை. அவன் பணம் அனுப்புவதாகச் சொல்வான். அனுப்பட்டும், நிறுத்தச் சொல்லாதே. இரவில் துணைக்கு ஓர் ஆள் வைக்க அந்தப் பணம் வேண்டும். ஆனால் வெளிநாட்டு வேலையிலும் ஆண்டு விடுப்பு என்று ஒன்று உண்டு. வரும் வருடம் அதில் எந்த வாரங்கள் அம்மாவுக்கு என்று தேதியாக எழுதி அனுப்பச் சொல். அதை மட்டும் தாராளமாகக் குடும்பக் குழுவிலேயே கேள்.