அசல் கோப்பின் மேல் எழுதாதீர்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியல்களில் ஒரு பகுதியைக் குடும்ப வரலாற்றுக்காக உறவினர்கள் சேர்ந்து எக்செலில் ஏற்றினோம். அதை ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்குக் கொண்டுவந்து, மாவட்டப் பெயர்களைத் திருத்தி, ‘கீப் இஃப்’ கட்டளையால் வட ஆற்காட்டுக்காரர்களை மட்டும் நிறுத்திக்கொண்டேன். பிறகு ‘சேவ், ரீப்ளேஸ்’ கொடுத்துவிட்டேன். தஞ்சாவூர், சேலம், திருச்சி எல்லாம் போய்விட்டன. மீட்க முடியுமா? இனி எப்படிச் சேமிப்பது?

பதில்: ஸ்டேட்டாவுக்குள்ளிருந்து மீட்க முடியாது. ‘ரீப்ளேஸ்’ என்றதும் வட்டில் இருந்த பழைய கோப்பின் இடத்தில் புதியது எழுதப்பட்டுவிடும். அதற்குப் பின்வாங்கும் கட்டளை கிடையாது. ஆனால் எக்செல் கோப்பு உறவினர் யாரிடமாவது, பழைய மின்னஞ்சல் இணைப்பிலாவது இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். ஸ்டேட்டாவை இன்னும் மூடவில்லை என்றால் மூடாதீர்கள். நீங்கள் தட்டிய கட்டளைகள் அனைத்தும் பக்கத்திலுள்ள கட்டளை வரலாற்றுச் சன்னலில் இருக்கின்றன. அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு டூ-ஃபைலாக (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்து ஒரேயடியாக ஓட்டும் கோப்பு) சேமித்துவிட்டால், மாவட்டப் பெயர்களைத் திருத்திய உழைப்பாவது மிஞ்சும்.

இனிச் செய்யவேண்டியதில் முக்கியமானது இதுதான்: பாதுகாக்கவேண்டியவை அசல் தரவும் கட்டளைகளும். திருத்திய தரவு அந்த இரண்டிலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி பிறக்கும். ஆகவே எக்செலிலிருந்து வந்த முதல் கோப்பை ‘கப்பல்_அசல்’ என்று தனிக் கோப்புறையில் வைத்து, விண்டோஸில் அதன் பண்புகளைத் திறந்து ‘படிக்க மட்டும்’ என்று குறித்துவிடுங்கள். அதன்பின் கை தவறி ‘ரீப்ளேஸ்’ கொடுத்தாலும் ஸ்டேட்டா எழுத மறுக்கும்.

டூ-ஃபைலின் முதல் வரி ‘யூஸ் கப்பல்_அசல், கிளியர்’. கடைசி வரி ‘சேவ் கப்பல்_திருத்தம், ரீப்ளேஸ்’. இங்கே ‘ரீப்ளேஸ்’ தேவைதான். அது இல்லாவிட்டால் இரண்டாம் முறை ஓட்டும்போது, கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று 602ஆம் பிழை எண்ணுடன் ஸ்டேட்டா நின்றுவிடும். டூ-ஃபைல் மீண்டும் உருவாக்கித் தரக்கூடிய கோப்புக்கு மட்டுமே ‘ரீப்ளேஸ்’ போடலாம் என்று பழகிக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே ‘சேவ், ரீப்ளேஸ்’ என்று தட்டினால், கடைசியாகத் திறந்த கோப்பின் மேலேயே எழுதும். உங்கள் பட்டியலை விழுங்கியது அந்த வழக்கம்தான்; அதை விட்டுவிடுங்கள்.

‘கிளியர்’ என்பதிலும் கவனம் வேண்டும்; அது நினைவகத்தில் இருக்கும் தரவை அழித்துவிடும். நினைவகத்தில் சேமிக்காத மாற்றம் இருக்கும்போது வேறு கோப்பைத் திறக்க முயன்றால் ஸ்டேட்டா தடுக்கும். அந்தத் தடையை நீக்குவதற்காகவே சிலர் எங்கும் ‘கிளியர்’ சேர்க்கிறார்கள். டூ-ஃபைலுக்குள் அது சரி. கையால் தட்டும்போது, எதை இழக்கப்போகிறோம் என்று ஒரு கணம் பார்க்கவேண்டும். லோட்ஷெடிங்கில் மின்சாரம் போனாலும் இதே கதைதான்: சேமிக்காதவரை தரவு நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது.

வட ஆற்காட்டை மட்டும் பார்க்க எதையும் நீக்கவேண்டியதில்லை. ‘டேபுலேட்’, ‘சம்மரைஸ்’ போன்ற கட்டளைகளின் பின்னால் ‘இஃப்’ நிபந்தனை சேர்த்தால் போதும். நீக்கித்தான் ஆகவேண்டும் என்றால் முன்னால் ‘ப்ரிசர்வ்’, வேலை முடிந்ததும் ‘ரெஸ்டோர்’. முழுப் பட்டியலும் திரும்பிவிடும். 2019இல் வந்த 16ஆம் பதிப்பு முதல், ஒரே நேரத்தில் பல பட்டியல்களை நினைவகத்தில் வைக்கும் ‘ஃப்ரேம்’ (சட்டகம்) வசதியும் இருக்கிறது. ‘ஃப்ரேம் புட்’ கட்டளை தேர்ந்தெடுத்த வரிகளை வேறொரு சட்டகத்தில் நகலெடுத்து வைக்கும்; மூலப்பட்டியல் அப்படியே கிடக்கும்.

மாவட்டப் பெயர்களையும் மூல நெடுவரிசையில் திருத்தாதீர்கள். அன்றைய எழுத்தர்கள் ஒரே ஊரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதினார்கள். இன்று பிழை என்று தோன்றுவது நாளை வேறொரு கிராமமாகத் தெரியவரலாம். ‘ஜெனரேட்’ கட்டளையால் நகல் நெடுவரிசை ஒன்றை உருவாக்கி, திருத்தங்களை அங்கே செய்யுங்கள். ஏன் திருத்தினீர்கள் என்பதை ‘நோட்ஸ்’ கட்டளையால் எழுதிவைத்தால், அந்தக் குறிப்பு தரவுக் கோப்புக்குள்ளேயே தங்கும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். உங்கள் பட்டியல் வளரும்போது இந்தக் குறிப்புகளின் அருமை புரியும்.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் காலனி எண் என்ற பதிவு எண் உண்டு. அதை வைத்து வேறு கோப்பை ‘மெர்ஜ்’ செய்யுமுன் (இணைக்குமுன்) ‘ஐஎஸ்ஐடி’ கட்டளையைக் கொடுங்கள். தட்டச்சில் ஒரே எண் இரண்டு முறை ஏறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

இன்றைய உறவினர்களின் 13 இலக்க அடையாள எண்ணையும் சேர்ப்பதாக இருந்தால், அதை எழுத்துச்சரமாகவே இறக்குமதி செய்யுங்கள். ‘ஜெனரேட்’ இயல்பாக உருவாக்கும் எண் நெடுவரிசை ஏறத்தாழ 7 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். மீதி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்குவதால், எண்ணாக ஏற்றினால் அந்தச் சுழியமும் போகும். இந்த எண்களைத் தனிக் கோப்பில் வைத்து, மற்றவர்களுக்கு அனுப்பும் பிரதியிலிருந்து ‘ட்ராப்’ கட்டளையால் நீக்கிவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் பெயர்களை வைத்திருந்தால், கோப்பைப் பெறுபவரிடம் ஸ்டேட்டாவின் 14ஆம் பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருக்கவேண்டும். அதற்கு முந்தையவற்றில் யூனிகோட் இல்லை. பழைய பதிப்புகளுக்கான வடிவில் சேமிக்கும் ‘சேவ்ஓல்டு’ கொடுத்து அனுப்பினாலும் தமிழ் சிதைந்தே தெரியும். அவர்களுக்கு ‘எக்ஸ்போர்ட் டிலிமிட்டட்’ கட்டளையால் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு) அனுப்புங்கள். நோட்ஸ் குறிப்புகள் அதில் போகாது. அவற்றைத் தனித் தாளில் எழுதி இணைத்துவிடுங்கள்.