‘மாட்டிவிட்டு அப்புறம் பதியலாம்’ என்கிறார் நண்பர்: குட்டைக் குழல் ரைஃபிளைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்சாஸில் டாலஸ் பக்கம் வசிக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. இரண்டு வருடமாக ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ப் பழகுகிறேன். கடையில் முறைப்படி வாங்கிய ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று என்னிடம் உண்டு. பேரல் 16 அங்குலம். போன வாரம் 10.5 அங்குல பேரல் உள்ள ‘அப்பர்’ (துப்பாக்கியின் மேல்பாகம்) ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன். பெட்டி வந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை. ரேஞ்சில் பழக்கமான நண்பர் ஒருவர், “டெக்சாஸ் தடையை எடுத்துவிட்டது, வரியும் ஜீரோ ஆகிவிட்டது. மாட்டிவிட்டு அப்புறம் மெதுவாகப் பதிந்துகொள்ளலாம்” என்கிறார். அப்படிச் செய்யலாமா? மனைவி பெயரையும் சேர்த்துப் பதிய முடியுமா? எச்-1பி விசாவில் இருக்கும் என் மைத்துனர் எங்களுடன்தான் தங்கியிருக்கிறார். அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: பெட்டியைப் பிரிக்காமல் வைத்துவிட்டு எனக்கு எழுதினீர்களே, மனம் நிம்மதியானது. இதை வாசித்து முடிக்கும்வரை அது பிரிக்கப்படாமலே இருக்கட்டும். உங்கள் நண்பர் சொன்ன இரண்டு செய்திகளும் உண்மை. அவற்றை வைத்து அவர் வந்த முடிவுதான் தவறு. அந்தத் தவறுக்கு நீங்கள் கொடுக்க நேரும் விலை அபராதத்தோடு நிற்காது. கிரீன் கார்டையே கேட்கும்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 46.05-ஆம் பிரிவு, வைத்திருக்கக் கூடாத ஆயுதங்களின் பட்டியலைத் தருகிறது. குட்டைக் குழல் துப்பாக்கிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2025-இல் மாநிலச் சட்டமன்றம் அவற்றை நீக்கியது. செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதாவது இதற்காக டெக்சாஸ் மாநிலம் உங்கள் மேல் வழக்குப் போடாது. ஆனால் நீங்கள் வாங்கிய பொருளைப் பிடித்து வைத்திருப்பது இன்னொரு சட்டம்: 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம். அது கூட்டாட்சிச் சட்டம். மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் நிறைவேறும் எந்த மசோதாவாலும் அதைத் தொட முடியாது. கான்சாஸ் மாநிலத்தில் இதே நம்பிக்கையில் இரண்டு பேர் வழக்கில் சிக்கினார்கள். ‘எங்கள் மாநிலத்துக்குள்ளேயே செய்து, இங்கேயே வைத்திருக்கும் துப்பாக்கிகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தாது’ என்று கான்சாஸ் 2013-இல் சட்டம் போட்டது. அதை நம்பி ஒரு கடைக்காரர் சைலன்சர் செய்து விற்றார், முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வாங்கினார். இருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மாநிலச் சட்டத்தை நம்பித்தான் செய்தோம் என்ற வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

வரி விஷயத்துக்கு வருகிறேன். 1934 முதல் இந்த வகைத் துப்பாக்கியைச் செய்யவோ கைமாற்றவோ 200 டாலர் வரி. 90 வருடத்துக்கு மேல் அந்தத் தொகை மாறவே இல்லை. அன்றைக்கு அது சாதாரணத் துப்பாக்கியின் விலையைப் போல் பல மடங்கு. ஆளையே திரும்பிப் போக வைக்கத்தான் அப்படி வைத்தார்கள். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், குட்டைக் குழல் ரைஃபிள், குட்டைக் குழல் ஷாட்கன், சைலன்சர் ஆகியவற்றுக்கு அந்த வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. குறைந்தது வரி மட்டும்தான். விண்ணப்பம், கைரேகை, முன் அனுமதி, பதிவேடு எல்லாம் அப்படியே இருக்கின்றன. வரியே இல்லாதபோது வரிச் சட்டத்தின் பெயரில் பதிவு எதற்கு என்று கேட்டு வழக்குகள் தொடுக்கப்பட்டிருக்கின்றன. கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் ஒரு வழக்கு ஜெயிக்கும் என்று எதிர்பார்த்து என் கட்சிக்காரரை முன்கூட்டியே சட்டத்தை மீற நான் விடமாட்டேன்.

சட்டம் எதைக் குட்டை என்கிறது? ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, ரைஃபிளிலிருந்து செய்த ஆயுதத்தின் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ அது இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிக் குழலின் பின்புறத்தை அடைக்கும் உறுப்பு) மூடிவிட்டு, குழலின் வாய் வழியாக ஒரு குச்சியை உள்ளே விட்டு, போல்ட் முகத்திலிருந்து வாய் வரை அளக்க வேண்டும். முனையில் திருகிக் கழற்றக்கூடிய உறுப்பு எதுவும் கணக்கில் சேராது. நிரந்தரமாகப் பற்றவைத்தது சேரும். அதனால்தான் 14.5 அங்குலக் குழலின் முனையில் ஓர் உறுப்பைச் சிறு ஆணி அடித்துப் பற்றவைத்து 16-ஐ எட்டவைத்து விற்கிறார்கள். கொஞ்சம் குட்டையாக இருந்தால் போதும் என்றால் அந்த வழியையும் யோசியுங்கள். அதற்குப் பதிவே வேண்டாம்.

கைத்துப்பாக்கி அதைவிடச் சின்னது, அதற்கு இந்தப் பதிவு இல்லையே என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1934-இல் முதலில் வந்த மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. ரைஃபிளை அறுத்துச் சின்னதாக்கி யாரும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகவே குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். குட்டைக் குழல் அங்கேயே தங்கிவிட்டது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. மாட்டிவிட்டுப் பிறகு பதிய முடியாது. அப்படி ஒரு வழியே சட்டத்தில் இல்லை. ‘முதலில் விண்ணப்பம், பிறகு அனுமதி, அதற்குப் பிறகே செய்தல்’ என்ற வரிசையை தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் 5822-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. அந்த அப்பரை உங்கள் ரைஃபிளின் லோயரில் (சீரியல் எண் உள்ள கீழ்ப்பாகம்) பொருத்துகிற அந்த இரண்டு நிமிடம்தான் சட்டத்தின் கண்ணில் ‘துப்பாக்கி செய்தல்’. பதிவில்லாமல் செய்துவிட்ட துப்பாக்கியை உரிமையாளரே வந்து பதிந்துகொள்ள, எல்லா வகைக்குமான பொதுமன்னிப்பை ஒரே ஒருமுறைதான் கொடுத்தார்கள், 1968 இறுதியில், ஒரு மாதத்துக்கு. அதன்பின் எல்லோருக்குமாக அந்தக் கதவு திறக்கவில்லை. ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள் இதைப் படித்தால், இன்னும் செய்யவில்லை என்பதுபோல் விண்ணப்பம் போடாதீர்கள். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றம். நண்பருக்கு மெசேஜ்கூட அனுப்பாமல், துப்பாக்கி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

மாட்டாமல் வைத்திருந்தால் பாதுகாப்பா? அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 1992-இல் தாம்சன்/சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பார்த்தது. அந்த நிறுவனத்தின் பாகங்களை வைத்துக் கைத்துப்பாக்கியாகவும் பூட்டலாம், முறையான நீளமுள்ள ரைஃபிளாகவும் பூட்டலாம். சட்டப்படியான பயன் இருந்ததால் நிறுவனம் ஜெயித்தது. பாகங்களைச் சேர்த்தால் குட்டை ரைஃபிளைத் தவிர வேறெதுவும் வராது என்ற நிலை இருந்தால் கதை வேறு. உங்களிடம் இருப்பது ஒரு ரைஃபிள் லோயரும் ஒரு 10.5 அங்குல அப்பரும். அந்த அப்பருக்கு உங்கள் வீட்டில் சட்டப்படி வேறு என்ன வேலை என்று அரசு வழக்கறிஞர் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஆகவே கடைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள், அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அனுமதி வந்தபின் மறுபடி வாங்கலாம். நண்பர் வீட்டில் வைக்கலாமே என்று நினைக்க வேண்டாம்; அவரிடமும் ஏஆர் ரைஃபிள் மட்டுமே இருந்தால் இதே தலைவலி அவருக்குப் போகும்.

நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், பதிவில்லாத குட்டை ரைஃபிளுக்கு 5861-ஆம் பிரிவின் கீழ் 10 ஆண்டு வரை சிறை. குடிமக்களுக்கு அத்தோடு முடியலாம். குடியேற்றச் சட்டம் அந்த 5861-ஆம் பிரிவை எண்ணோடு குறிப்பிட்டு, ‘மோசமான பெருங்குற்றம்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. கொலை, போதைக் கடத்தல் இருக்கும் அதே பட்டியல். அந்த வகையில் தண்டனை பெற்ற கிரீன் கார்டுகாரர் நாடுகடத்தப்படலாம். நிரந்தரவாசிகளுக்கு இருக்கும் பெரும்பாலான மன்னிப்பு வழிகளும் அடைபட்டுவிடும். குடியுரிமைக்கான நன்னடத்தைத் தகுதியும் நிரந்தரமாகப் போய்விடும். எத்தனை வருடம் வரிசையில் நின்று வாங்கிய கார்டு அது! ஐந்தரை அங்குல இரும்புக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள்.

சரி, முறையாகச் செய்ய இரண்டு வழி உண்டு. தொழிற்சாலையிலிருந்து குட்டைக் குழலோடு வந்த ரைஃபிளை, அதற்கான சிறப்பு வரித் தகுதியுள்ள உங்கள் மாநிலக் கடைக்காரரிடம் வாங்குவது ஒன்று. அது ஃபாரம் 4. அனுமதி வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்கும், வீட்டில் எந்த ஆபத்தும் இல்லை. கையில் இருக்கும் ரைஃபிளையே மாற்றுவது மற்றொன்று. அது ஃபாரம் 1, உங்களுக்குப் பொருந்துவது. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். அமைப்பின் இ-ஃபார்ம்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பிக்கலாம். லோயரில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணையே தாருங்கள், புது எண் தேவையில்லை. குழல் நீளம், மொத்த நீளம், குண்டின் அளவு, நோக்கம் எல்லாம் கேட்பார்கள். நோக்கத்துக்கு ‘சட்டப்படியான எல்லாப் பயன்பாடும்’ என்று எழுதுவது வழக்கம். பாஸ்போர்ட் அளவுப் படம், கைரேகை அட்டை இரண்டு, கிரீன் கார்டில் உள்ள ஏலியன் எண், அதற்கான சான்று ஆகியவை வேண்டும். விண்ணப்பத்தின் ஒரு நகல் உங்கள் பகுதி ஷெரிஃப் அல்லது காவல்துறைத் தலைவருக்குப் போக வேண்டும். 2016-க்கு முன் தனிநபர் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை நடக்கும். இப்போது தகவல் தெரிவித்தால் போதும், அவர் சம்மதம் தேவையில்லை. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் படிவத்தையே நிரப்புங்கள், நண்பர் சேமித்து வைத்த பழைய படிவம் வேண்டாம்.

அனுமதி வந்ததும் ஒரு வேலை இருக்கிறது, பலர் மறக்கிறார்கள். இப்போது நீங்களே ‘தயாரிப்பாளர்’. அதனால் உங்கள் பெயர், ஊர், மாநிலம் மூன்றையும் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும்; குறைந்தது 0.003 அங்குல ஆழம். எழுத்துப் பொறிக்கும் நல்ல கடையில் கொடுத்து லோயரிலேயே பொறித்துவிடுங்கள். குழலை நாளை மாற்றுவீர்கள், லோயர் மாறாது. அனுமதித் தாளின் நகல் ஒன்று எப்போதும் ரைஃபிள் பையில் இருக்கட்டும். பதிந்தால் அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குள் வந்து சோதிப்பார்கள் என்ற பேச்சும் உலவுகிறது, அது பொய். வியாபாரிகளுக்கு ஆய்வு உண்டு. உங்கள் வீட்டுக்கு வாரன்ட் வேண்டும். பதிவுச் சான்றை மட்டும் கேட்டால் காட்ட வேண்டும்.

மனைவி பெயரைப் பற்றி. உங்கள் தனிப் பெயரில் பதிந்தால், நீங்கள் இல்லாதபோது அந்த ரைஃபிள் உங்கள் மனைவியின் வசத்தில் இருப்பதே கேள்விக்குரியது. அதற்குத்தான் டிரஸ்ட் (பொருளைப் பலர் பொறுப்பில் வைக்கும் சட்ட ஏற்பாடு) அமைக்கிறார்கள். டிரஸ்டின் பெயரில் பதிந்து, இருவரும் அறங்காவலர்களாக இருக்கலாம். ‘பொறுப்பு நபர்’ என்ற வகையில் இருவருமே கைரேகையும் படமும் தர வேண்டும். துப்பாக்கிப் பெட்டகத்தின் பூட்டு எண் இருவருக்கும் தெரிந்தாலும் தப்பில்லை. நாளை உங்களுக்கு ஒன்று ஆனாலும் குடும்பம் தடுமாறாது. உங்கள் நிலைமைக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். இணையத்தில் கிடைக்கும் ஒரு பக்க மாதிரியை நம்பாமல், இதில் பழக்கமுள்ளவரிடம் எழுதி வாங்குங்கள்.

மைத்துனர் விஷயம் மென்மையானது, ஆனாலும் வெளிப்படையாகச் சொல்கிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. இந்த ரைஃபிள் மட்டுமல்ல, நீங்கள் ஏற்கெனவே வைத்திருப்பதும் சேர்த்துத்தான். மாநிலம் கொடுத்த செல்லுபடியான வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அது இல்லாத ஒருவரிடம், அவர் நிலை தெரிந்தே துப்பாக்கியை நீட்டினால் குற்றம் உங்கள் மேலும் வரும். ரேஞ்சில் பத்து நிமிடம் சுட்டுப் பார்க்கட்டுமே என்பதும் இதில் அடங்கும். ஃபுளோரிடாவில் படிக்க வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, விசா தகுதி போன பின்னும் தங்கிய ஒரு மாணவர் ரேஞ்சில் போய்ச் சுட்டார். அதிலிருந்து எழுந்ததுதான் 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு. தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தன் விசா என்னவென்று உங்கள் மைத்துனருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே பூட்டிய பெட்டகம், அவருக்குத் தெரியாத எண், தோட்டாக்களும் உள்ளே. அவர் பெயர் டிரஸ்டில் எங்கும் வரக் கூடாது. அவரிடம் காரணத்தைச் சொல்லியே செய்யுங்கள். அவர் விசாவைக் காப்பதற்காகத்தான் என்று தெரிந்தால் வருத்தப்படமாட்டார்.

பதிந்த பிறகு பயணம். ஓக்லஹோமாவுக்கு வார இறுதியில் எடுத்துப் போவதாக இருந்தாலும் முன்கூட்டியே 5320.20 படிவம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். உங்களைப் போல ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு நான் முதலிலேயே கேட்கும் கேள்வி, அடுத்த வேலை எந்த மாநிலத்தில் என்பதுதான். கலிஃபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க் போன்ற மாநிலங்களில் கூட்டாட்சிப் பதிவு இருந்தாலும் சாதாரண ஆள் இதை வைத்திருக்க முடியாது. அங்கே வேலை மாறினால் ரைஃபிளை விற்க வேண்டும், அல்லது டெக்சாஸில் வைத்திருக்கத் தகுதியுள்ள இன்னொரு அறங்காவலரிடம் விட்டுப் போக வேண்டும். பழையபடி 16 அங்குலக் குழலைப் பூட்டி, குட்டைக் குழலைக் கைகழுவிவிட்டு, பதிவேட்டிலிருந்து நீக்கும்படி ஏ.டி.எஃப்.-க்கு எழுதவும் செய்யலாம். ஆனால் ஏஆர் வகை ரைஃபிளுக்கே அந்த மாநிலங்களில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், மூட்டை கட்டும் முன் அந்த ஊர் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

திங்கட்கிழமை கூரியரில் பெட்டியை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டிரஸ்ட் வேலையை அதன்பின் தொடங்கலாம்.