இளைத்தே, இளைத்தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

புதுச்சேரியில் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'திருவருட்பாவில் உயிரிரக்கம்' என்ற தலைப்பில் 15 பக்கக் கட்டுரை எழுதி நெறியாளரிடம் கொடுத்தேன். "மேற்கோள் கொட்டிக் கிடக்கிறது, சூழல் இல்லை" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். ஒரு பக்கத்துக்கு எத்தனை மேற்கோள் இருக்கலாம் அம்மா? சூழல் என்றால் வாழ்க்கை வரலாறுதானே, அதை முதல் இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேனே! அடிக்குறிப்பைப் பக்கத்தின் கீழே போடுவதா, கடைசியில் போடுவதா? கட்டுரையை இணைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்.

ஒரு மாணவி, முத்தியால்பேட்டை

*

அன்புள்ள மகளுக்கு,

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அடிக்குறிப்பை உன் துறையில் எப்படிப் போடுகிறார்களோ அப்படியே போடு. எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம். முதலில் உன் ஏழாம் பக்கத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

"வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன் பசியினால் இளைத்தே" என்று எழுதி, மேற்கோள் குறியை மூடிவிட்டாய். அடுத்த வரியிலேயே, "பயிர் வாடுவதைக் கண்ட வள்ளலார் உண்ணாமல் பசியால் இளைத்தார் என்பது இதனால் விளங்குகிறது" என்கிறாய். எங்கே விளங்குகிறது? பாட்டை எடுத்துப் பார்த்தாயா? பார்த்திருந்தால் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க முடியாது. எங்கோ யாரோ எடுத்துப் போட்டிருந்த ஓர் அடியை நீயும் எடுத்துப் போட்டிருக்கிறாய். முதுகலை படிக்கிற பெண் இப்படிச் செய்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

போன மாதம் குறிஞ்சிப்பாடியில் ஓர் உரக்கடையின் பலகையில் இதே அடியைப் பார்த்தேன். 'வாடினேன்' என்பதோடு நின்றிருந்தது. பக்கத்தில் பச்சை நெற்கதிர் படம். கடைக்காரரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்குப் பயிர் வேண்டும், எடுத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாட்டு என்னை விடவில்லை. எங்கள் கடலூர் மாவட்டத்துப் பாட்டு, சுவரிலும் காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கிறது, எல்லா இடத்திலும் அந்த ஒரே அடி. மிச்சம் எங்கே போயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

பாட்டு இதுதான். சத்தமாகப் படி.

வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம்
வாடினேன் பசியினால் இளைத்தே
வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த
வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின் றோர்என்
நேருறக் கண்டுளந் துடித்தேன்
ஈடின்மா னிகளாய் ஏழைக ளாய்நெஞ்
சிளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்

'இளைத்தே' என்பதைப் பார். அங்கே ன் இல்லை. 'இளைத்து' என்ற வினையெச்சத்தோடு ஓர் ஏகாரம் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எச்சம் என்றால் அது முடியாமல் அடுத்த வினையைத் தேடிப் போகும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பாய். எங்கே போகிறது? பசியினால் இளைத்து, வீடு வீடாகப் போய்ப் பிச்சை கேட்டும் பசி தீராமல் சோர்ந்துபோன ஏழைகளிடம் போகிறது. இளைத்தவர்கள் அவர்கள். வள்ளலாரின் வாக்கியம் 'வாடினேன்' என்பதில் முடிந்துவிட்டது. அச்சில் வரி எங்கே மடிகிறதோ அங்கேதான் பொருளும் முடிகிறது என்று நினைத்து வெட்டிவிட்டாய். பசித்தவர்களின் இளைப்பை அவர்களிடமிருந்து பிடுங்கி வள்ளலாருக்குக் கொடுத்துவிட்டாய்.

இனி கடைசிச் சொல்லுக்குப் போ. 'இளைத்தேன்.' இப்போது ன் வந்துவிட்டது. மேலே பசித்தவன் உடம்பில் இருந்த இளைப்பு, 'நெஞ்சிளைத்தவர்' என்று ஏழையின் நெஞ்சுக்குள் இறங்கி, கடைசியில் பார்த்தவருடைய இளைப்பாகவே ஆகிவிடுகிறது. வாடினேன், பதைத்தேன், துடித்தேன், இளைத்தேன் என்று நான்கு வினைகள். பயிரைப் பார்த்து வாடினார், மனிதர்களைப் பார்த்தபோது பதைப்பும் துடிப்பும் வருகின்றன. உன் கட்டுரையின் தலைப்பே உயிரிரக்கம். அந்த இரக்கம் ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு எப்படிப் போகிறது என்பதை இந்த ஒரு சொல்லை வைத்தே மூன்று பக்கம் எழுதலாம். நீ அதைத் தாண்டிப் போய் முப்பது மேற்கோளை அடுக்கியிருக்கிறாய்.

இது யாரிடம் சொன்ன பாட்டு என்பதையும் நீ பார்க்கவில்லை. பத்தாம் பக்கத்தில் "வள்ளலார் உலகோர்க்கு அறிவுறுத்துகிறார்" என்று இருக்கிறது. அவர் இங்கே ஒருவருக்கும் அறிவுரை சொல்லவில்லை, மகளே. திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் இந்தப் பகுதிக்குப் பெயரே 'பிள்ளைப் பெருவிண்ணப்பம்'. இறைவனைத் தந்தையாக வைத்து, பிள்ளை தன் தந்தையிடம், நான் எதற்கெல்லாம் பயந்தேன், எதையெல்லாம் கண்டு நடுங்கினேன் என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளில் மனம்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறது. உலகத்தைப் பார்த்து "நான் இரக்கமுள்ளவன்" என்று சொன்னால் அது ஒரு தொனி. அப்பாவின் முன்னால் நின்று, என்னால் தாங்க முடியவில்லையே என்று சொன்னால் அது வேறு. நெறியாளர் கேட்ட சூழல் இதுதான். நம் பழைய ஆட்கள் இதில் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள்! குறுந்தொகையில் 'யாயும் ஞாயும் யாரா கியரோ' பாட்டுக்குக் கீழே இருக்கும் குறிப்பைப் படித்துப் பார். தன்னை விட்டுப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொன்னது என்று இருக்கும். அதைப் படித்த பிறகு அந்தப் பாட்டு வெறும் காதல் கொண்டாட்டமாகவா தெரிகிறது? பயந்துபோன ஒரு பெண்ணுக்குச் சொல்லும் ஆறுதல் அது. யார், யாரிடம், எப்போது என்பது ஒரே வரியில் வந்துவிடுகிறது. பள்ளியில் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்று கேட்பார்களே, அதில் இடத்தைத்தானே முதலில் கேட்கிறார்கள்?

உன் முதல் இரண்டு பக்கத்தை எடுத்துவிடு. 1823இல் மருதூரில் பிறந்தார் என்பது ஏழாம் பக்கத்துப் பாட்டைப் படிக்க எந்த விதத்திலும் உதவவில்லை. 1867இல் வடலூரில், பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது என்பது உதவும். அதை நீ இரண்டாம் பக்கத்தில் பத்தோடு பதினொன்றாகச் சொல்லிவிட்டு மறந்துபோய்விட்டாய். அது இருக்கவேண்டிய இடம் 'வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்' என்ற அடிக்குப் பக்கத்தில்.

எனக்கு 17 வயதிருக்கும். ஒரு பூச நாளில் அப்பாவோடு கடலூரிலிருந்து பஸ்ஸில் வடலூர் போயிருந்தேன். தருமச்சாலைப் பந்தியில் என் பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் நாலு வயதுப் பையன். புடவை துவைத்துச் சுத்தமாக இருந்தது, முந்தானையில் கிழிசல் தைத்த நூல் மட்டும் வேறு நிறம். பரிமாறுகிறவர் வரும்போதெல்லாம் பையனுக்கு வாங்கிவிட்டுத் தனக்குப் போதும் என்று கையால் மறைத்துக்கொண்டார். போதவில்லை என்பது எனக்கே தெரிந்தது. எழுந்து கை கழுவியவர் நேரே போய் ஒரு துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லவில்லை. "விடுங்கம்மா, ஆள் இருக்காங்க" என்று ஒருவர் தடுத்தபோது, "சும்மா சாப்புட்டுட்டுப் போக மனசு வரலைங்க" என்றார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்கும் வாடிய பயிர் மட்டும்தான் தெரியும், பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததால். பல வருஷம் கழித்து முழுப் பாட்டையும் படித்தபோது 'ஈடின்மானிகளாய் ஏழைகளாய்' என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஈடு இல் மானிகள். மானத்தில் தமக்கு நிகரில்லாதவர்கள், ஆனால் ஏழைகள். கேட்கவும் வாய் வராது, கேட்காமல் இருக்க வயிறும் விடாது. அந்தத் துடைப்பச் சத்தம் எனக்குக் கேட்டது. பிச்சை கேட்டவரைக் கண்டு பதைத்தவர், கேட்க முடியாதவரைக் கண்டபோதுதான் தானும் இளைத்துப் போகிறார். அவர்களை அவர் கடைசி அடியில் வைத்திருக்கிறார். நாமோ முதல் அடியோடு நிறுத்திக்கொள்கிறோம். பலகையிலும் சுவரிலும் அந்த அம்மாளுக்கு இடம் கிடைக்கவில்லை. உன் 15 பக்கத்திலும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

உன்னைத் திட்டிவிட்டேன், பரவாயில்லை. உனக்கு நல்ல காது இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் வேறொரு பாட்டில் ஒரே சொல் இரண்டு முறை வருவதை நீயாகவே கவனித்து எழுதியிருக்கிறாய். அந்த ஒரு பத்தியில் யாருடைய விளக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஏழாம் பக்கத்தை மட்டும் இந்தப் பாட்டை எட்டு வரியும் வைத்துக்கொண்டு திரும்ப எழுதி அனுப்பு. மற்ற மேற்கோள்களில் எது இருக்கவேண்டும், எது போகவேண்டும் என்று அப்புறம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா