குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது?
இந்தத் தேர்தலில் நாம் ஓட்டுப் போடுவதில்லை. நாம் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் போடுகிறார்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது.

கணக்கு இதுதான்: மாநில மக்கள்தொகையைச் சட்டமன்றத் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடி 1000-ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 4.12 கோடியை 234-ஆலும் பிறகு 1000-ஆலும் வகுத்துப் பார்த்தால் 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. 'நாம் 4 கோடிதானா?' என்று கேட்காதீர்கள். இன்னும் 1971 கணக்கெடுப்புதான். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு நஷ்டம் வரக்கூடாது என்று அங்கேயே நிறுத்திவைத்தார்கள். நியாயம்தான் என்பேன்.

எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு எம்.பி.யின் மதிப்பு; 2022-இல் அது 700.

அப்புறம், சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். 1969-இல் வி.வி.கிரி ஜெயித்தது இப்படித்தான்.