மகளின் நாவலும் பழைய பாட்டும் என்னை ஏன் அழவைக்கின்றன?

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பெரிய சண்டை இல்லை, கடன் தொல்லை இல்லை, யாருக்கும் நோய் நொடி இல்லை. அதனாலேயே இதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு மகளின் படுக்கையைத் தட்டிப் போடும்போது தலையணைக்கு அடியில் ஒரு நாவல் கிடைத்தது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்படும் வகை. அட்டையைப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன். போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே முப்பது பக்கம் படித்துவிட்டேன். மீதியை அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து படித்தேன்.

கதையில் வருபவள் 16 வயதுப் பெண். அவளுடைய அக்கா விபத்தில் இறந்துவிடுகிறாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவளிடம், “இனி அம்மாவுக்கு நீதான் துணை, தைரியமாக இரு” என்கிறார்கள். அவள் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவருகிறாள். கூடத்தின் நடுவில் வந்ததும் நிற்கிறாள். தட்டை அப்படியே தரையில் போட்டுவிட்டு வாசலைத் தாண்டி ஓடிவிடுகிறாள்.

அந்தப் பக்கத்தில் நான் உடைந்துபோனேன். என் அப்பா இறந்தபோது எனக்கும் 16 வயது. மாரடைப்பு. இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் இல்லை. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். “நீ மூத்தவள், நீ அழுதால் அம்மா தாங்கமாட்டாள்” என்றார்கள். நான் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், டம்ளர்களைக் கழுவினேன். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தன. அந்தப் பெண் தட்டைப் போட்டுவிட்டு ஓடியபோது அழுகையோடு எனக்குப் பொறாமையும் வந்தது. புத்தகத்தில் வரும் ஒரு பிள்ளைமேல் பொறாமைப்படுவது எவ்வளவு அபத்தம்!

அதன் பிறகு இதே வகையில் ஏழு நாவல்கள் படித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இடத்தில் அழுகை வருகிறது. குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுகிறேன். பெரியவர்களுக்கான நாவல்களை எடுத்தால் பத்துப் பக்கம்கூட ஓடுவதில்லை. ஒரு நாள் கணவர் பார்த்துவிட்டு, “உன் வயதுக்கு ஏற்றதைப் படிக்கக் கூடாதா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

நாவல்களோடு ஒரு பாட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது. சிறு வயதில் எனக்கு உயிரான பாட்டு. வானொலியில் அது தொடங்கியதும் நான் கத்துவேன். அப்பா ஓடிவந்து டேப்ரிக்கார்டரில் பதிவு பட்டனை அழுத்துவார். அப்படிப் பதிவானதுதான் எங்கள் கேசட்டில் இருந்தது. முதல் வரியில் பாதி இருக்காது. கடைசியில் இசை அடங்கும்போது அறிவிப்பாளர் “அடுத்து நேயர்கள்...” என்று ஆரம்பிப்பார், டக்கென்று நின்றுவிடும். இடையில் வீடு மாறியதில் அந்தக் கேசட் எங்கோ போய்விட்டது. இப்போது கைபேசியில் அதே பாட்டு, துல்லியமாக, முழுதாகக் கிடைக்கிறது. வேலை முடிந்து வந்தால் காரை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்து இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். கேட்கக் கேட்க ஏதோ குறைகிறது. அதனால் மறுபடியும் கேட்கிறேன்.

போன வாரம் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடியப்போகும் நேரத்தில் மகன் வந்து, “அம்மா, என் ஜியோமெட்ரி பாக்ஸைப் பார்த்தாயா?” என்றான். “வாயை மூடு” என்று கத்திவிட்டேன். நான் அப்படிப் பேசி அவன் கேட்டதே இல்லை. மூன்று நாட்கள் என்னைச் சுற்றிப் பூனை மாதிரி நடந்தான்.

இன்னொரு கவலையும் உண்டு. மகளின் நாவலில் பென்சிலால் சில வரிகள் அடிக்கோடிடப்பட்டிருந்தன. ஒரு வரி: “எல்லோரும் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை.” அதன் ஓரத்தில் இரண்டு கோடுகள். என் பிள்ளை அப்படி உணர்கிறாளா? கேட்டால் திருட்டுத்தனமாகப் படித்தது தெரிந்துவிடும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

நான் வயதுக்குரிய முதிர்ச்சி இல்லாதவளா? இந்தப் புத்தகங்களையும் பாட்டையும் விட்டுவிடுவதுதான் வழியா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இளையோர் நாவல் என்பது பதிப்பகமும் நூலகமும் அலமாரியில் ஒட்டுகிற சீட்டு. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கென்று வரும் புத்தகங்களை வாங்கியவர்களில் 55 சதவீதம் பேர் 18 வயதைத் தாண்டியவர்கள் என்று தெரிந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் தாங்கள் படிப்பதற்காகவே வாங்கியிருந்தார்கள். வயது மீறிப் படிக்கிறோம் என்ற குற்றவுணர்ச்சியை இத்தோடு இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் டம்ளர்கள். ‘கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தன’ என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஒரு சாவு நடந்தால் பெரியவர்களின் கண்ணில் முதலில் படுபவள் துணையை இழந்தவள், அடுத்து சின்னப் பிள்ளைகள். நடுவில் நிற்கும் பதினாறு வயதுக்காரி வேலை செய்கிற கையாகத்தான் தெரிகிறாள். அவள் அழாமல் இருந்தால் ‘என்ன பொறுப்பான பெண்’ என்று பாராட்டும் கிடைக்கிறது. அந்தப் பாராட்டு கொடியது. அழுதால் பெயர் போய்விடும் என்று அது அவளைக் கட்டிப்போடுகிறது. உங்களை யாரும் வேண்டுமென்று வதைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவை இழந்த பெண்ணாக நீங்கள் ஒரு நாள்கூட இருக்கவில்லை. மறுநாளே வீட்டின் மூத்தவளாகிவிட்டீர்கள்.

உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபடுவது, உயிரையோ பொருளையோ இழப்பது, இல்லாமை ஆகிய மூன்றும் எளிதில் புரியும். அசைவு என்பதற்கு உரையில் இருக்கும் விளக்கம் வேறு மாதிரியானது: முன்பிருந்த நிலை கெட்டு, வேறொரு நிலையை அடைந்து வருந்துவது. அப்பா இறந்ததற்கு அழ வேண்டியது இழவு. பாட்டு வந்தால் கத்திக்கொண்டு ஓடிய பெண் ஒரே காலையில் காணாமல் போனாளே, அதற்கு அழ வேண்டியது அசைவு. இரண்டுமே உங்களிடம் பாக்கி இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் பொறாமை என்று எழுதிய சொல் என்னை அப்படி நினைக்கவைக்கிறது. அது அபத்தமே இல்லை. நீங்கள் கையில் பிடித்துக்கொண்டே நின்ற தட்டை அந்தப் பெண் கீழே போட்டுவிட்டாள். பெரியவர்களுக்கான நாவல் உங்களுக்கு ஓடாததும் இதனால்தான். அவற்றில் வருபவர்கள் நாற்பது வயதில் இருக்கிறார்கள். நீங்கள் தேடுகிறவளுக்கு 16.

ஏன் இப்போது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். பத்தாம் வகுப்பு மகளுக்குப் பதினைந்து நடக்கும், அல்லது பதினாறு தொடங்கியிருக்கும். எந்த வயதில் நாம் அடிபட்டோமோ அந்த வயதைப் பிள்ளை எட்டும்போது பழைய வலி கிளம்புவதை ஆலோசனை அறையில் நான் அடிக்கடி பார்க்கிறேன். அவளை ஒவ்வொரு நாளும் பார்க்கிறீர்கள். பென்சில் பிடித்துக் கோடு போடுகிற, தலையணைக்கு அடியில் புத்தகம் ஒளித்து வைக்கிற சின்னப் பெண். இந்த வயதிலா என்னிடம் அவ்வளவையும் கொடுத்தார்கள் என்று உங்களுக்குள் ஏதோ ஒன்று திடுக்கிட்டிருக்கும்.

இனி பாட்டு. பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலத்தின் நினைவுகள் மற்ற காலத்தைவிட அடர்த்தியாகத் தங்குகின்றன என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் நன்கு அறிந்த விஷயம். அந்தப் பருவத்துப் பாட்டு சும்மா வருவதில்லை, அந்தக் காலத்தையே இழுத்துக்கொண்டு வருகிறது. கனடாவின் மாண்ட்ரியலில் நடந்து 2011இல் வெளியான ஒரு மூளை ஆய்வு உங்களுக்கு உதவக்கூடும். மிகவும் பிடித்த இசையில் மெய்சிலிர்க்கும் கணத்தில் மூளையில் டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள வேதிப்பொருள் சுரக்கிறது. அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருக்கும் சில நொடிகளிலும், மூளையின் வேறொரு பகுதியில், அது சுரக்கிறது. தெரிந்த பாட்டைக் கேட்பதில் பாதி இன்பம் காத்திருப்பதுதான்.

நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? கைபேசியில் பாட்டு முழுதாக இருக்கிறது, ஆனால் ஏதோ குறைகிறது என்கிறீர்கள். குறைவது என்னவென்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, சகோதரி. அறிவிப்பாளர் “அடுத்து நேயர்கள்...” என்று ஆரம்பிக்க வேண்டும். பிறகு அந்த டக் வர வேண்டும். அந்த டக், பட்டனை அழுத்திய உங்கள் அப்பாவின் விரல். இந்த வரியை எழுதிவிட்டு நானும் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாட்டைப் பாடியவர், இசையமைத்தவர் எல்லோரும் கைபேசியில் இருக்கிறார்கள். அதைப் பதிவு செய்தவர் இல்லை. இரண்டு முறை, மூன்று முறை கேட்டாலும் அவர் வரமாட்டார் என்பது தெரிந்தும் காது காத்திருக்கிறது.

அன்று மகன் பேசியது எந்த இடத்தில் என்று பாருங்கள். இசை அடங்குகிற இடம். ஒரு குரல் வர வேண்டிய நேரத்தில் ஒரு குரல் வந்தது. அது வேறு குரல். கத்தியது தவறுதான், அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அது பிள்ளைமேல் இருந்த எரிச்சல் என்று நினைத்து உங்களைக் கெட்ட தாயாக்கிக்கொள்ளாதீர்கள்.

மகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். அவளுடைய நாவலை நீங்கள் படித்ததில் பிழையில்லை. அவள் போட்ட கோடுகளைப் படித்ததுதான் வேறு. அடிக்கோடு என்பது பாதி நாட்குறிப்பு. “இந்த வரியை ஏன் கோடிட்டாய்?” என்று கேட்டுவிடாதீர்கள், இனி அவள் எந்தப் புத்தகத்திலும் பென்சில் வைக்கமாட்டாள். அந்த வயதில் ஒரு வரி அழகாக இருக்கிறது என்பதற்காகவும் கோடு போடுவார்கள், தோழிக்கு நடந்ததை நினைத்தும் போடுவார்கள். அந்த வரி உங்களைச் சுட்டதால் அது அவளையும் சுட்டிருக்கும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அவள் சாப்பாடு, தூக்கம், தோழிகள், படிப்பு எல்லாம் வழக்கம்போல இருந்தால் பதற வேண்டாம். திடீரென்று ஒதுங்கிப்போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்பதுபோலப் பேசினாலோ, எழுதியிருந்தாலோ, அப்போது நாகரிகம் பார்க்காமல் நேரடியாகக் கேளுங்கள், உடனே ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

இப்போதைக்கு ஒப்புக்கொண்டு தொடங்குங்கள். “உன் புத்தகத்தைக் கேட்காமல் எடுத்துப் படித்துவிட்டேன். தட்டைப் போட்டுவிட்டு ஓடுகிற இடத்தில் அழுதுவிட்டேன்” என்று சொன்னால் போதும். அவள் என்ன சொல்கிறாள் என்று பாருங்கள். ஒருவேளை கோபப்படுவாள், அதுவும் நியாயம். ஒருவேளை “ஏன் அழுதாய்?” என்று கேட்பாள். கேட்டால் டம்ளர்களைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்லும் நிலைக்குப் பேச்சைக் கொண்டுபோக வேண்டாம். பதினாறு வயதில் அம்மாவைத் தாங்குவது எவ்வளவு கனம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அந்தக் கனத்தை இறக்கிவைக்க வேண்டிய இடங்கள் வேறு. தம்பிகள் இப்போது வளர்ந்த ஆண்கள். அந்த டேப்ரிக்கார்டர் நினைவிருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். அவர்களிடம் அப்பாவைப் பற்றி உங்களிடம் இல்லாத ஏதாவது நிச்சயம் இருக்கும். கணவரிடமும் புத்தகத்தைப் பற்றி வாதாடாமல், அந்த ஒரு காலையைப் பற்றிப் பேசுங்கள். இத்தனை ஆண்டுகளில் அதை அவரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா என்பது எனக்குச் சந்தேகமே. பேசப் பேச அழுகை கூடினால் பயப்பட வேண்டாம். அழுகையால் வேலையோ தூக்கமோ வாரக்கணக்கில் கெட்டால், நேரில் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். குழாயை மட்டும் இனித் திறந்து வைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு மகன். இன்று மாலை காரிலிருந்து இறங்கிப் போய் அவனைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்காரவைத்துப் பாட்டைப் போடுங்கள். முதல் வரியில் பாதியை, அப்பா ஓடிவருகிற நேரம் என்று சொல்லித் தள்ளிவிடுங்கள். முடிகிற இடம் வந்ததும் அறிவிப்பாளர் எப்படி ஆரம்பிப்பார் என்று உங்கள் குரலில் சொல்லிக்காட்டுங்கள். டக்கென்று நிறுத்துகிற பட்டனை அவன் அழுத்தட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்