அலை மோட்டரைக் கொன்ட்ரோலர் பெட்டியோட இணைக்க ரிலே மட்டும் போதுமா?

உங்கட கடல்மீன் தொட்டியில தண்ணியை அசைக்கிற ரெண்டு அலை மோட்டர், ஒண்டு பழைய 230 வோல்ட், மற்றது வெளிநாட்டில இருந்து ஆரோ கொண்டுவந்து தந்த 24 வோல்ட் டிசி எண்டு நினைக்கிறன். மட்டக்களப்பில அநேகமான ஆக்கள்ட நிலைமை அதுதான். ரெண்டையும் ஒரே மாதிரி ரிலேயில, அதாவது கொன்ட்ரோலர் இழுத்து விடுற சுவிட்சில, கொழுவ ஏலாது. நான் கொழுவிப் பாத்தவன்.

டிசி மோட்டருக்கு அடாப்டரில இருந்து வாறது ரெண்டு வயர். மோட்டரைச் சுத்தவைக்கிற டிரைவர் பெட்டியைத் தாண்டி மோட்டருக்குப் போறது மூண்டு. அந்த மூண்டில ஒண்டை வெட்டி ரிலேக்குக் குடுத்தன். மோட்டர் சுத்தாம கிடந்து நடுங்கிச்சு, மறுகா டிரைவர் பெட்டியில இருந்து கருகின மணம். அந்த வயர்களைத் தொடாதீங்க. டிரைவரில 0–10 வோல்ட் சிக்னல் வாங்குற ஓட்டை இருந்தா அதுதான் வழி. கொன்ட்ரோலருக்குள்ள இருக்கிற சின்னக் கணினி, ஈஎஸ்பி 32இன் 25ஆம் பின்னில கூடினது 3.3 வோல்ட்தான் வரும். சிக்னலைப் பெருப்பிக்கிற எல்எம் 358 ஐசி ஒண்டு, 20 கிலோஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர் ரெண்டு போட்டா மூண்டு மடங்காகி 9.9 வரும். ஐசிக்கு 12 வோல்ட் குடுங்க, 5 காணாது. கொன்ட்ரோலர், டிரைவர் ரெண்டு பக்கத்து மைனஸையும் ஒண்டாச் சேருங்க. நான் சேர்க்காம விட்டு, மோட்டர் தன்ட எண்ணத்துக்கு ஓடித் திரிஞ்சது.

230 வோல்ட் மோட்டருக்கு ரிலே சரி. ஃபேனுக்குப் போடுற டிம்மர் வேணாம். இந்த மோட்டர் கரண்டின்ட 50 ஹேர்ட்ஸோட ஒட்டிச் சுத்துறது, வேகம் குறையாது, நிண்டு சூடாகும். ஆனா ரிலேயில என்ஓ (ரிலே இழுத்தாத்தான் கரண்ட் போகும்), என்சி (இழுக்காத நேரம் கரண்ட் போகும்) எண்டு ரெண்டு முனை இருக்கே, அதிலதான் நான் மீன் பறிகுடுத்தது.

மண்டூர் முருகன் கோயில் தீர்த்தத்துக்குக் குருமண்வெளியில பாதையேறி, அதான் வாவியைக் கடக்கிற மிதவை, போயிருந்தன். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாட கோல். "மனே, மீனெல்லாம் மேலுக்கு வந்து வாயப் பொளக்குது. கரண்ட் இருக்கு, மோட்டர்தான் ஓடல்ல." கொன்ட்ரோலருக்கு நான் குடுத்திருந்தது ஒரு பழைய போன் சார்ஜர். அது செத்துட்டு. பெட்டிக்கு உயிர் இல்ல, ரிலே விட்டுட்டு, மோட்டர் என்ஓவில. கரண்ட் இருந்தும் மோட்டருக்குப் போகல்ல. நம்மட சூட்டுக்குத் தண்ணி 30 பாகையில நிக்கும், உப்புத் தண்ணியில ஒட்சிசன் ஏற்கனவே குறைவு, மேற்பரப்பு அசையாட்டி மீன் தாங்காது. வயரைக் கழட்டி நேரப் பிளக்கில குத்துங்க எண்டன். "உப்புப் பூத்த பெட்டி, நான் தொடமாட்டன்" எண்டிட்டா. நியாயம்தான். கோப்பையால கோலிக் கோலி உசத்தில இருந்து ஊத்திக்கொண்டு விடியுமட்டும் கதிரையில இருந்திருக்கா. ஏழு மீனில நாலு மிஞ்சிச்சு. கோமாளி மீன் சோடியில ஒண்டு போச்சு.

இப்ப 230 மோட்டர் என்சியில. ரிலே இழுத்தா மோட்டர் நிக்கும், இரை போடுற பத்து நிமிசத்துக்கு மட்டும் இழுக்கும். "இழுத்தபடி புரோகிராம் இறுகினா?" எண்டு ஒரு அறிவாளி கட்டாயம் வருவார். வாட்ச்டாக் எண்டு புரோகிராமைக் கண்காணிக்கிற டைமர் போட்டிருக்கன் ஐயா, இறுகினா அதுவே ரீசெட் ஆகி ரிலேயை விடும். நான் இஞ்சினியர் இல்ல, சுட்டுப் பழகினவன். ஆயத்தமா விக்கிற கொன்ட்ரோலர் வாங்கலாமே எண்டும் சொல்லுவீங்க. வாங்குங்க, காசு இருந்தா.

இதைக் கேட்டு முதல்ல ஒரு குறூப்பில எழுதினன். வந்த முதல் பதில், "மட்டக்களப்பார்தானே, மந்திரத்தால மோட்டரைச் சுத்த வைங்க, பாயோட ஒட்டவைக்கிற ஆக்கள்." மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்த ஆக்களைப் பாயோட ஒட்டவைப்பாங்க எண்டுற பழைய நக்கல்தான். அதுக்கு நாப்பது பேர் சிரிப்புப் போட்டாங்க. எல்எம் 358 பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல்ல. 2022 மார்ச் 31, 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்போ ரெண்டு 12 வோல்ட் பற்றியைத் தொடுத்து டிசி மோட்டரை ஓட்டினது இந்த மந்திரவாதிதான்.

அம்மா கேட்டபடி பெட்டிக்கு வெளியால, தண்ணி தெறிக்காத உசரத்தில ஒரு சிவப்புச் சுவிட்ச் வச்சிருக்கன். அமத்தினா கொன்ட்ரோலர், ரிலே எல்லாத்தையும் தாண்டி 230 மோட்டருக்கு நேர கரண்ட் போகும். உங்கட வீட்டிலயும் நீங்க இல்லாத நேரம் ஆர் நிப்பாங்களோ, அவங்கட கைக்கு எட்டுற இடத்தில வைங்க.